முன்னறைப் பூக்களை நான் எடுக்கவில்லை

சுகுணா, உன் கடிதம் போன புதன்கிழமை மத்தியானம் வந்தது. உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். வழக்கம்போல உரக்கப் படித்துக் காட்டினேன். தங்கவயல் பள்ளிக்கூடத்தில் உன் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் சேட்டை, விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருப்பது, உன் கல்யாண விஷயமாகத் தேவராஜின் அப்பாவும் சித்தப்பாவும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டைப் பார்க்க வரப்போவது, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டாள். பக்கத்தைத் திருப்பியதும் நான் நிறுத்திவிட்டேன். "இன்னா, மீதியப் படி" என்றாள். படித்தேன். அவர்கள் வரும் அன்றைக்கு மட்டும் முன்னறையில் இருக்கிற பூஜாடிகளை எடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்லி நீ எழுதியிருந்தாய். வாசலில் இருக்கும் தகர டின்களையும் உடைந்த தொட்டிகளையும் யார் கண்ணிலும் படாமல் பின்பக்கம் தள்ளிவிட வேண்டும். சித்தப்பா என் உத்தியோகத்தைக் கேட்டால் தோட்ட இலாகாவில் சூப்பர்வைசர் என்று சொல்ல வேண்டும், தோட்டக்காரன், மாலி என்று சொல்லக் கூடாது.  உன் அம்மா கொதித்த குழம்பை இறக்கி வைத்தாள்.

நான் உடனே பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகட்டும் என்று இருந்தேன். அதனால் இப்போது நீ படிப்பது நடந்து முடிந்த விஷயம். ஜாடிகளை எடுக்கவில்லை. தொட்டிகளைத் தள்ளவில்லை. கேட்டவருக்கு மாலி என்றுதான் சொன்னேன். கோபம் வந்தால் கோபித்துக்கொள், கண்ணு. ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், அந்த ஜாடிகள் நம் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். பாதி உனக்குத் தெரியும். மீதியைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமாக வாய் வரவில்லை.

குடியாத்தம் பக்கத்திலிருந்து நான் பெங்களூருக்கு வந்தபோது தண்டில், கண்டோன்மென்ட் பக்கம், எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர்தான் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் மாலியாகச் சேர்த்துவிட்டார். தோட்டத்து மூலையில் அவுட்ஹவுஸ், அதில் ஒரே அறை. நீ பிறந்தது அங்கேதான். துரைசானிக்குப் பூ என்றால் உயிர். மழை ஓயும் சமயத்தில் விதை போட்டால் தை, மாசியில் தோட்டம் நிறையும். ஸ்வீட் பீஸ், லார்க்ஸ்பர், பிளாக்ஸ், பாப்பி, அவள் நாட்டு வசந்தத்துக்குரிய எல்லாம் நம் ஊர்க் குளிரில் நன்றாக வந்தன. பதினோரு ஜாடிக்குத் தினமும் பூ வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் அறுத்து, வாளித் தண்ணீரில் கழுத்துவரை நிறுத்தி, பின் வராந்தா வரைக்கும் கொண்டுபோவேன். அங்கிருந்து பட்லர் எடுத்துக்கொண்டு போவார். வராந்தாவைத் தாண்டி மாலி போகக் கூடாது. பன்னிரண்டு வருஷம் பூ வளர்த்தேன், சுகுணா. நான் வளர்த்த பூ அந்த அறைகளில் எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் மாசியில் அவர்கள் கப்பலேறப் புறப்பட்டார்கள். கனமான பீரோ ஒன்றைத் தூக்க ஆள் போதவில்லை என்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். கம்பளம் சுருட்டியாகிவிட்டது, படங்கள் கழற்றியாகிவிட்டது, சாப்பாட்டு அறை வெறிச்சென்று கிடந்தது. நடுவில் மேஜைமேல் ஒரு ஜாடி மட்டும். முந்தாநாள் நான் அறுத்துக் கொடுத்த நீல லார்க்ஸ்பரும் வெளுத்த ரோஸ் நிற ஸ்வீட் பீஸும் அதில் நின்றன. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்திருந்தது. அந்தக் காலி அறையில் அது ஒன்றுதான் உயிரோடு இருந்தது. பீரோவின் ஒரு கால் என் தோளில் இருப்பதே மறந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவன் திட்டினான். சாயங்காலம், யாருக்கும் வேண்டாமென்று கிடந்த அந்தப் பூக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி டம்ளரில் வைத்தேன்.

உன் அம்மா சிரித்தாள். "பூவ சாமிக்கு வெப்பாங்க, தலைல வெப்பாங்க. டம்ளர்ல வெச்சு இன்னா பண்றது?"

"பாக்கறது."

"பாத்துட்டு?"

"பாத்துகினே இருக்கறது."

பைத்தியம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையில் நான் எழுவதற்குள் டம்ளர் தண்ணீரை அவள்தான் மாற்றியிருந்தாள்.

பிறகு பங்களாவை நம் ஆட்களே வாங்கினார்கள். புது எஜமானி அம்மாவும் ஜாடி வைக்கும் பழக்கத்தை விடவில்லை. ஆனால் ஒரு நாள் பழசான பூவைக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள், குப்பைமேட்டில் கொட்டிவிடுவார்கள். நான் அவற்றைப் பொறுக்கி வருவேன். தண்டின் நுனியைச் சாய்வாக மறுபடி நறுக்கி, தண்ணீருக்குள் அமிழும் இலைகளை உருவிவிட்டு, புதுத் தண்ணீரில் வைத்தால் இன்னும் மூன்று நாள் நிற்கும். பாப்பித் தண்டின் அடியை மட்டும் விளக்குச் சுடரில் ஒரு கணம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பால் வடிந்து தலை சாய்ந்துவிடும். இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது. குப்பையில் விழுந்த பூவை எழுப்பத்தான் கற்றுக்கொண்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பூ எந்த டம்ளருக்கு என்று உத்தரவு போடுவாய்.

அதற்கடுத்த வருஷம், உனக்கு ஏழு வயசு. அவுட்ஹவுஸ் கூரை ஒழுகுவதைப் பார்க்க எஜமானி அம்மா வந்தார்கள். வாசலில் நின்றபடியே அவர்கள் கண் ஜன்னல் திண்டில் இருந்த பூ டம்ளருக்குப் போயிற்று.

"ஏம்ப்பா, இது எங்க வீட்டுப் பூ இல்லையா?"

"குப்பையில போட்டதும்மா."

"குப்பையில போட்டாலும் அது எங்க குப்பைதானே?"

நான் தலைகுனிந்து நின்றேன். நீ உன் அம்மாவின் புடவைக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து, "அது எங்கப்பா வளத்த பூ" என்றாய். அந்த அம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. "குழந்தைக்கு நல்லாத்தான் பேசச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வராந்தாப் படிக்கட்டின் கீழே உன்னை நிறுத்தி, அந்தப் பூக்களை உன் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைத்தேன். "தப்பு, மன்னிச்சிடுங்கன்னு சொல்லு" என்றேன். நீ அழவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாய். திரும்பி வரும்போது, "அப்பா, இன்னா தப்பு?" என்று கேட்டாய். நான், "வாய மூடிகினு வா" என்றேன்.

இந்தச் சம்பவம் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நீ கேட்ட கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு செய்தவன் நான். சொந்தக் கையால் வளர்த்த ஒன்றை உன் கையில் கொடுத்து, அதற்காக வெட்கப்படச் சொன்னேன். புதன்கிழமை உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. எடுத்து உள்ளே வை, ஒளித்து வை, வேறு பெயர் சொல் என்கிற பாடத்தை அந்தப் படிக்கட்டில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. ஆனால் வாத்தியாரே அந்தப் பாடம் தப்பு என்று சொல்லும்போது மாணவி கேட்க வேண்டும். நீயும் ஒரு டீச்சர், உனக்குத் தெரியாததா?

பூவைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலையில் உன் அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். டம்ளரில் பூ வைப்பதைப் பைத்தியம் என்று சொன்னவள் அவள். "நாம இங்க இருக்க வேணாம். எங்கியாவது போலாம். போற எடத்துல நம்ம வீட்ல பூ இருக்கணும். இது எங்களுதுன்னு எவளும் வாசல்ல வந்து நிக்கக் கூடாது" என்றாள். வாடகை இல்லாத அறையை விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டேன். "உனக்குக் கை இருக்குதில்ல?" என்றாள். அவ்வளவுதான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இந்த வீட்டுக்கு வந்தோம். கொஞ்ச காலம் நாலு வீட்டில் தோட்ட வேலை பார்த்தேன், பிறகு சர்க்கார் பூங்காவில் மாலி வேலை கிடைத்தது. இன்றைக்கும் அதே வேலைதான். வருகிற வருஷம் ஓய்வு. முழங்கால் இப்போதே ஓய்வு எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்தச் சந்துக்கு வந்த புதிதில் நம்மிடம் ஒரு நல்ல தொட்டி கிடையாது. ஓட்டை வாளி, மண்ணெண்ணெய் டின், வாய் உடைந்த பானை, இவற்றில்தான் விதை போட்டேன். நாஸ்டர்ஷியத்துக்கு நல்ல எரு போட்டால் இலையாகக் கொழுத்துப் பூக்காமல் நிற்கும். சந்து மண்ணில் போட்டேன், செக்கச்செவேலென்று சுவர் முழுக்கப் பூத்தது. ஊறுகாய் ஜாடி, மருந்து பாட்டில், ஜாம் பாட்டில், எது கிடைத்தாலும் கழுவி அதில் பூ வைத்து முன்னறையில் அடுக்கினோம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரப் புட்டம்மா குழாயடியில் இடுப்பில் கை வைத்து நின்றது உனக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும். "ஏன்ரீ, நமக்குக் குடிக்கவே நீரு இல்ல. நீங்க ஹூவுக்கு ஊத்தறீங்களா?" அரிசி கழுவின தண்ணீர், பாத்திரம் அலசின தண்ணீர் என்று உன் அம்மா வாளியைத் தூக்கி அவள் மூக்குக்கு நேரே காட்டினாள். அப்படியும் அவள் நம்பவில்லை. மூன்று மாதம் நம்மோடு பேச்சில்லை.

ஒரு நாள் அதே புட்டம்மா நம் வாசலுக்கு வந்தாள். தன் பெண்ணைப் பார்க்க மறுநாள் ஆட்கள் வருகிறார்களாம். "மனே ரொம்பக் காலியா கீது. அந்தச் சிவப்பு ஹூவு கொஞ்சம் குடுங்க. பாட்டிலும் சேத்துக் குடுங்க" என்றாள். நான் ரொம்ப ரோஷக்காரன் மாதிரி, "பூ எல்லாம் தீந்துபோச்சு" என்றேன். செடி முழுக்கப் பூ வைத்துக்கொண்டு அவள் எதிரிலேயே சொன்னேன். உன் அம்மா என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு போய், கை நிறைய அறுத்து, ஆறு பாட்டிலோடு கொண்டுபோய் அவள் வீட்டில் தானே அடுக்கி வைத்துவிட்டு வந்தாள். "இது எங்க குப்பைன்னு சொன்னாளே ஒரு அம்மா, அவளுக்கும் உனக்கும் இன்னா வித்யாசம்?" என்று அன்றைக்கு என்னைக் கேட்டாள். எனக்கு இரண்டாவது அடி அது. கொடுக்கிற விஷயத்தில் ஸ்வீட் பீஸ் செடியும் அப்படித்தான். தினமும் பறித்துக்கொண்டே இருந்தால் மேலும் மேலும் பூக்கும். அழகாக இருக்கிறதே என்று கொடியிலேயே விட்டால் காய் பிடித்து, என் வேலை முடிந்தது என்று செடி காய ஆரம்பித்துவிடும்.

நீ குடித்தனம் போகும் வீட்டிலும் பூ வை, சுகுணா. தங்கவயலில் தண்ணீர் கஷ்டம், சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி வேறு பறக்கும் என்று தெரியும். நாஸ்டர்ஷியமும் பிளாக்ஸும் அதைத் தாங்கும். லார்க்ஸ்பர் விதையை நிற்கப்போகிற இடத்திலேயே போட்டுவிடு, நாற்றைப் பிடுங்கி நட்டால் அது பிழைக்காது. ஜாடித் தண்ணீரைத் தினமும் மாற்று. வாழைப்பழச் சீப்பின் பக்கத்தில் பூவை வைக்காதே, சீக்கிரம் சோர்ந்துவிடும். வாடினதை ஆசைக்காக வைத்துக்கொண்டிருக்காதே. யாராவது வந்து, இதெல்லாம் பெரிய வீட்டுக்காரர்கள் செய்கிற காரியம், உனக்கு எதற்கு என்று கேட்டால், ஒரு ஜாடியை அவர்களுக்கு இன்னும் கிட்டே நகர்த்தி வை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலையில் வழக்கத்தைவிட அதிகமாகவே அறுத்தேன். ஜன்னலில் லார்க்ஸ்பர், மேஜைமேல் ஸ்வீட் பீஸ், சுவர் மாடத்தில் பாப்பி, தரையில் பித்தளைக் குடத்தில் ஹாலிஹாக். உட்கார நாற்காலி இரண்டுதான் இருந்தது, மற்ற இடமெல்லாம் பூ. உன் அம்மாவே, "கொஞ்சம் ஜாஸ்தியா போச்சோ?" என்றாள். பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். தேவராஜின் சித்தப்பா சுரங்க ஆபீஸில் குமாஸ்தா அல்லவா, சட்டைப் பையில் இரண்டு பேனா. உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இது இன்னாங்க, வீடா ஓட்டலா?"

"வீடுதாங்க. உக்காருங்க."

"பங்களாக்காரங்க மாதிரி ஜாடி எல்லாம் வெச்சிகினு இருக்கீங்களே. உங்களுக்கு இன்னா உத்தியோகம்?"

"மாலிங்க. சர்க்கார் பூங்காவுல."

"சூப்பர்வைசர்னு பொண்ணு சொன்னதா கேள்விப்பட்டோமே."

அப்போதுதான் தெரிந்தது, நீ எனக்கு எழுதுவதற்கு முன்னாலேயே அங்கே சொல்லிவிட்டாய் என்று. அந்த இடம் எனக்கு வலித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் உன்னை அங்கே விட்டுக்கொடுப்பேனா? "அது எம்மேல இருக்கற மரியாதையில பெருசா சொல்லியிருக்கும். நான் மாலிதாங்க" என்றேன். உன் அம்மா காப்பித் தட்டோடு வந்தவள், "இருபத்தேழு வருஷமா மாலி" என்று கணக்காகச் சேர்த்துக்கொண்டாள். சித்தப்பா காப்பியைத் தொடவில்லை.

இன்னொரு நாற்காலியில் தேவராஜின் அப்பா இருந்தார். மெலிந்த மனிதர். பேச வாயெடுத்தால் முதலில் இருமல் வருகிறது. சுரங்கத்துக்குள் எத்தனை வருஷம் இருந்தாரோ. நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்வீட் பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு வாசன உண்டா?"

"நல்லா வரும். மோந்து பாருங்க."

குனிந்து முகர்ந்தார். இருமினார். மறுபடி முகர்ந்தார். "எனக்கு மூக்கு செத்துப்போயி ரொம்ப வருஷம் ஆச்சுங்க. அடியில இருந்த தூசி. நீங்க சொல்லுங்களேன், எப்படி இருக்கும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானும் முகர்ந்து பார்த்து, யோசித்து, "ஆரஞ்சுப் பழத்தோல உரிக்கும்போது வருமே, அதுல கொஞ்சம் தேன் விட்டாப்ல" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா, ஆமா" என்றார். எதைக் கண்டுபிடித்தாரோ தெரியாது. சித்தப்பா எழுந்து, "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்றார். அவர் முன்னால் நடக்க, அண்ணன் பின்னால் போனார். வாசல் டின்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை ஒரு சேதியும் இல்லை. உன் அம்மா இரண்டு தடவை ஜாடித் தண்ணீரை மாற்றினாள். அவளுக்குப் பயம் வந்தால் அப்படித்தான் செய்வாள். பயம் எனக்கும்தான் இருந்தது. செய்தது சரி என்று தெரிந்திருந்தும் பயமாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை ரயிலில் தேவராஜ் தனியாக வந்தான். உட்காராமலே பேசினான். "மாமா, அப்பாவுக்கு முழு சம்மதம். சித்தப்பாதான், கல்யாணப் பத்திரிகையில மட்டும் சூப்பர்வைசர்னு போட்டா போதும், வேற ஒண்ணும் வேணாங்கறாரு."

"முடியாது தம்பி."

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா. மாலின்னே போடலாம்" என்றான். கொஞ்சம் தயங்கி, "சுகுணாவுக்கு?" என்று கேட்டான்.

 அவளிடமே கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நல்ல பையன். சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

கேட்கிறேன். பத்திரிகை வாசகத்தை என் கையெழுத்தில் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் பெயருக்கு முன்னால் என் பெயர், என் பெயருக்கு முன்னால் மாலி. அந்தச் சொல்லை நான் அடிக்க மாட்டேன். அடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் உன் கையால் அடித்து, மேலே எதை எழுத வேண்டுமோ எழுதி அனுப்பு. அப்படியே அச்சுக்குப் போகும். நான் உன்னோடு சண்டை போட மாட்டேன். முதல் ஆளாகப் பந்தலில் நிற்பேன், மனசார ஆசீர்வாதம் பண்ணுவேன். ஆனால் அந்தப் பத்திரிகையை ஒருவருக்கும் என் கையால் கொடுக்க மாட்டேன். ஏழு வயதில் உன்னை நான் கட்டாயப்படுத்தினேன். இப்போது உன் விருப்பம்.

பந்தலுக்குப் பூ வைப்பதைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப்போவதில்லை. தேவராஜ் சொன்ன முகூர்த்தம் மாசிக் கடைசியில். அதற்கு முன்னால் பூத்துத் தீர்ந்துவிடக் கூடாது என்று பிளாக்ஸ் செடிகளின் நுனியை நேற்றுக் காலையிலேயே கிள்ளிவிட்டேன்.

அப்பா